மூன்று கோல் வித்தியாசம்

கணக்கு இதுதான்:
பரங்கிப்பேட்டை டிரா செய்யவேண்டும்.
நெய்வேலி தோற்கவேண்டும்.
முத்தியால்பேட்டையை நாங்கள்
மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கவேண்டும்.
ஐஸ் பெட்டி மூடியில் ஈரவிரலால்
எழுதிக் காட்டினான் சலாவுதீன்.
பரங்கிப்பேட்டையை எழுதி முடிப்பதற்குள்
நெய்வேலி காய்ந்துவிட்டது.

தடைக்காலம். விசைப்படகெல்லாம்
முதுநகர்த் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன,
புதுப் பெயிண்ட் வாசனையோடு.
ஏலம் இல்லாமல் இரண்டு மாதம்
தொண்டை சும்மா இருந்த அஞ்சலாட்சி
எங்கள் வாதத்தை ஏலத்துக்கு எடுத்தாள்.
"ஒத்த ஃபார்வர்ட வெச்சிக்கிட்டு கப்பு கேக்கிறீங்களா?
ரெண்டு ஃபார்வர்டு ஒரு தரம்!
ரெண்டு ஃபார்வர்டு ரெண்டு தரம்!"

"தேசிங்கே போதும், பந்து போய்ச் சேரணும்ல.
நடுவுல தனியா நிக்கிறான்,
கயிறு அறுந்த மிதவையாட்டம்."
இது சலாவுதீன்.
"ஓரத்துல கொண்டு போ. வளைச்சு உள்ள இழு.
கரைவலை எப்பிடி இழுக்கிறோம்?"
இது சிராங்கு கலியபெருமாள்.
"எல்லாத்தயும் வலைக்குள்ள போடாத மாமா,
பந்துக்குச் செவுள் கெடையாது."

நான் சொன்னேன்:
நம்மாட்களுக்குத் தாக்கத் தெரியும்,
கோல்தான் தெரியாது.
இந்த வருடம் கம்பத்தில் பட்டது ஏழு.
எண்ணி வைத்திருக்கிறேன்.
இரண்டு, பரங்கிப்பேட்டையோடு ஒரே நிமிடத்தில்.
யாரும் பதில் சொல்லவில்லை.
டீ வந்தது.

வாய்ப்பு எவ்வளவு?
நூற்றுக்குப் பன்னிரண்டு என்றான் சலாவுதீன்.
அறுபது என்றாள் அஞ்சலாட்சி.
அவன் இருபதுக்கு ஏற, அவள் ஐம்பதுக்கு இறங்க,
ஒரு கூடை கவலைமீன் போல
முப்பத்தைந்துக்கு முடிந்தது.

அப்போதுதான் கலியபெருமாள்
சுவரில் புதிதாய் ஒட்டிய நோட்டீசை
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
மழையில் மைதானம் ஊறியதால்
கடைசி ஆட்டம் தள்ளிவைப்பு.
ஜூன் பதினைந்து, மாலை நான்கு மணி,
மஞ்சக்குப்பம் மைதானம்.

ஐஸ் அரைக்கும் மெஷினை நான் நிறுத்தினேன்.

பதினாலாம் தேதி நள்ளிரவு
தடை முடிகிறது.
பதினொரு பேரில் எட்டுப் பேர் படகில் போகிறவர்கள்.
தேசிங்கு கலியபெருமாளின் படகு.
கோல்கீப்பர் குப்புராஜ் அதே படகில் சமையல்.
"ஒரு நா தள்ளிக் கெளம்பினா என்ன?"
அஞ்சலாட்சிதான் கேட்டாள்,
முதல் நாள் இறாலுக்கு
அவளே முன்பணம் வாங்கியிருந்தாள்.
கலியபெருமாள் டீ கிளாசின் அடியைப் பார்த்தார்.
டீசல் நிரப்பியாயிற்று.
ஐஸ் ஏற்றியவன் நான்.

*

பதினைந்தாம் தேதி எங்கள் அணியில்
மிச்சமிருந்த மூவர்,
ஃபைபர் படகுப் பையன்கள் நால்வர்,
சலாவுதீனின் மச்சான்,
கொரியர் கொடுக்க வந்த ஒருவன்.
ஒன்பது பேர்.
கொரியர்காரன் ஷூவோடு வந்திருந்தான்,
அதனால் அவன் கோல்கீப்பர்.

எல்லைக்கோட்டில் போனோடு நின்றேன்.
துறைமுகத்தில் அஞ்சலாட்சி
தன் போனை வயர்லெஸ் செட்டின் வாயில் வைத்திருந்தாள்.
பதினெட்டு மைலுக்கு அப்பாலிருந்து
இஞ்சின் இரைச்சலோடு தேசிங்கு:
"ரெண்டு ஃபார்வர்டா, ஒண்ணா?"
"ஃபார்வர்டே இல்லடா."
"என்னா? கேக்கல!"
"ஃபார்வர்டே..."
"ரெண்டு போடச் சொல்லு! நான் அப்பவே சொன்னேன்!"
பின்னால் குப்புராஜ் ஏதோ மறுத்தான்.
வலை இழுக்கும் சத்தம், கெட்டவார்த்தை,
மறுபடியும் டிஃபென்ஸ் பற்றி யாரோ.

எண்பதாவது நிமிடம், கோல் இல்லை, இரண்டு பக்கமும்.
சலாவுதீன் ஓடிவந்தான், முகமெல்லாம் வேர்வை.
நெய்வேலி தோற்றுவிட்டது.
பரங்கிப்பேட்டை டிரா.
அவன் சொல்லி முடிக்கும்போது
மச்சான் அடித்த பந்து
டங்கென்று கேட்டது.

"கம்பத்துல பட்டுடுச்சு" என்றேன் போனில்.
எட்டு.

கடல் கொஞ்ச நேரம் கரகரத்தது.
பிறகு தேசிங்கு,
மிகவும் அக்கறையாக:
"எந்தக் கம்பம்?
இடதா, வலதா?"